பாதி மலையில் திரும்பினால் பக்தி குறைந்துவிடுமா?

ஓம் சரவணபவ. 

ரொம்ப நாளா மனசுல வச்சுக்கிட்டு எழுதாம இருந்த விஷயம் இது. கோயில் வரலாறு இல்லை, விரத முறை இல்லை. எனக்கே நடந்த ஒரு சம்பவமும், அதுக்கு அப்புறம் பல மாசமா என்னைத் தூங்க விடாத ஒரு கேள்வியும்தான். நேர்ந்துக்கிட்டதை முடிக்காம பாதியில் திரும்பி வந்தா அது பக்திக் குறைவா? "முருகன் பார்த்துக்குவான்"னு சொல்லிட்டு முன்னாடி போறதுதான் உண்மையான நம்பிக்கையா?

முதல்ல கதையைச் சொல்லிடுறேன்.

எங்க ஊர் மதுரைப் பக்கம். அப்பா இருபது வருஷத்துக்கு மேல தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போறவர். நானும் காலேஜ் படிக்கிறப்போ நாலு தடவை அவர்கூட நடந்திருக்கேன். இப்போ எனக்கு 28 வயசு. வேலை நொய்டாவில், சாஃப்ட்வேர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகை மாசத்தில் ஒரு ராத்திரி அம்மாகிட்ட இருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஃப்ளைட் பிடிச்சு ஊருக்கு வந்தப்போ அவரை உள்ளே கொண்டுபோயிருந்தாங்க. இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கணும்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவில், காலை மூணு மணி இருக்கும், நான் நேர்ந்துக்கிட்டேன்.

"முருகா, அப்பா நல்லபடியா வீடு வந்தா, இமயமலையில் நீ இருக்கிற கார்த்திக் சுவாமி கோயிலுக்கு வர்றேன். அங்கிருந்து உங்க அப்பா துங்கநாதர் கோயிலுக்கும் போய், அதுக்கு மேல இருக்கிற சந்திரசிலா உச்சியில் பழநித் திருநீறு வைக்கிறேன்."

ஏன் இவ்வளவு விலாவாரியா நேர்ந்துக்கிட்டேன்னு கேட்டா, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் அந்த இடத்தைப் பற்றி யூடியூபில் பார்த்திருந்தேன். அவ்வளவுதான். பயத்தில் இருக்கிற மனசு கைக்குக் கிடைச்சதைப் பிடிச்சுக்கும்.

அப்பா நல்லபடியா வீடு வந்தார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் நாலு நாள் லீவு சேர்ந்து வந்தது. ஆபீஸ்ல என்கூட வேலை பார்க்கிற கோயம்புத்தூர் நண்பன் ஒருத்தன், "மச்சி, நானும் வர்றேன்டா"ன்னான். ரிஷிகேஷ் போய், அங்கிருந்து ருத்ரபிரயாக். அலக்நந்தாவும் மந்தாகினியும் சேர்ற ஊர். அங்கிருந்து போக்ரி போற ரோட்டில் கனக்சௌரின்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் இருந்து காட்டுக்குள்ளே சுமார் 3 கிலோமீட்டர் ஏறினா கார்த்திக் சுவாமி கோயில், ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் ஒரு மலைமுகட்டின் நுனியில் இருக்கு. வழியெல்லாம், கோயில் சுத்தியெல்லாம் மணிகள். நேர்ந்துக்கிட்டவங்க கட்டினது. காத்து அடிக்கும்போது அத்தனையும் சேர்ந்து ஆடும்.

அங்கே சொல்ற கதை நமக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா முடிவு வேற. உலகத்தை யார் முதல்ல சுத்தி வர்றாங்கன்னு போட்டி. அண்ணன் அம்மா அப்பாவைச் சுத்திட்டு ஜெயிச்சார். தம்பி நிஜமாவே உலகத்தைச் சுத்திட்டு வந்து தோத்தார். நம்ம ஊரில் கோவிச்சுக்கிட்டு பழநிமலை வந்து ஆண்டியா நின்னார். அங்கே என்ன சொல்றாங்கன்னா, தன் உடம்பின் சதையை அம்மாவுக்கும் எலும்பை அப்பாவுக்கும் கொடுத்துட்டார்னு. அந்த எலும்பு வடிவத்தைத்தான் இங்கே கும்பிடுறோம்னு சொல்றாங்க. அதைக் கேட்டப்போ எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் கதை பின்னாடி மறுபடி வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்த நாள் உக்கிமட் வழியா சோப்தா. உக்கிமட்தான் குளிர்காலத்தில் கேதார்நாத் சுவாமிக்கு இருப்பிடம். அதே மாதிரி துங்கநாதரும் பனிக்காலத்தில் கீழே மக்குமட் கிராமத்துக்கு வந்துடுவார். ஏப்ரலில் மேலே கோயில் நடை சாத்தித்தான் இருக்கும். அது எங்களுக்குத் தெரியும். சாத்தின கதவைக் கும்பிட்டுட்டு, மேலே உச்சிக்குப் போய்த் திருநீறு வைக்கணும். அதுதான் திட்டம்.

சோப்தாவில் புரான்ஸ் பூத்திருந்தது. ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தா, முருகனுக்கே பூத்த மாதிரி. நம்ம நீலகிரியில் சோலைக்காட்டு ஓரத்தில் சிவப்பாப் பூக்குமே, அதே இனம்தான். கீழே பூ, மேலே பனி. மார்ச் கடைசியில் பெய்த பனி அப்படியே கிடந்தது. மத்தியதரைக் கடல் பக்கம் இருந்து வர்ற மேற்கத்திய இடையூறுகள்தான் இமயமலைக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருது. அது வசந்தம் வந்த பிறகும் விடாது. அந்தப் பனியோட குணம் வேற.

இதைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா மொத்தக் கதையும் இதுக்குள்ளேதான் இருக்கு. வசந்தகாலத்தில் பகல் வெயிலில் பனியின் மேல்பகுதி உருகும். ராத்திரி குளிரில் மறுபடி உறைஞ்சு, மேலே ஒரு பொருக்கு மாதிரி இறுகிடும். விடியற்காலையில் அந்தப் பொருக்கு உங்க எடையைத் தாங்கும், சிமெண்ட் தரையில் நடக்கிற மாதிரி நடக்கலாம். வெயில் ஏற ஏற அது இளகும். அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே போகும். முதல்ல கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் தொடை. பனிக்கு அடியில் பாறை இருந்தா அது வெயிலில் சூடேறி, தன்னைச் சுத்தி இருக்கிற பனியை உருக்கி வெற்றிடம் பண்ணி வச்சிருக்கும். மேலே பார்த்தா வெள்ளையா சமமா இருக்கும், கால் வச்சா குழி. இதுக்கெல்லாம் மேல, மதியத்தில் ஈரப்பனி சரிவில் இருந்து மொத்தமா வழுக்கி வர்ற ஆபத்தும் உண்டு. அதனாலதான் அந்தப் பக்கத்து ஆட்கள் இருட்டிலேயே கிளம்பி, வெயில் ஏறுறதுக்குள்ளே இறங்கிடுவாங்க.

எங்களுக்கு ஒரு வழிகாட்டி. பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பது வயசு இருக்கும். "பையா"ன்னு கூப்பிட்டோம், நம்ம ஊர் அண்ணன் மாதிரி. முதல் நாள் ராத்திரி ரொட்டி சாப்பிடும்போதே அவர் சொல்லிட்டார். "காலைல மூணரைக்குக் கிளம்பணும். ஒன்பதரை மணிக்கு எங்கே இருக்கோமோ அங்கிருந்து திரும்பணும். உச்சிக்குப் பத்தடி கீழே இருந்தாலும் சரி. சம்மதமா?" ரெண்டு பேரும் தலையாட்டினோம். எனக்கு அது ரொம்ப நியாயமா பட்டது. நாங்களும் ஆபீஸ்ல புது ரிலீஸ் போடும்போது இதைத்தானே பண்றோம்! எந்த நேரத்துக்குள்ளே சரியாகலைன்னா ரோல்பேக் பண்ணணும்னு முன்னாடியே எழுதி வச்சுடுவோம். அப்புறம் நடுராத்திரியில் அந்த வரியை மீற நாமே ஆயிரம் காரணம் சொல்வோம்.

கிளம்பும்போதே தாமதம். எனக்குத் தலைவலி, நண்பனுக்கு ஷூவுக்கு அடியில் மாட்டுற இரும்பு முள் சரியா உட்காரலை. அஞ்சேகால் ஆயிடுச்சு. சோப்தாவில் இருந்து துங்கநாத் வரைக்கும் நாலு கிலோமீட்டர்கூட இருக்காது, கோடையில் கல் பாவின பாதை. இப்போ அந்தப் பாதையே தெரியலை. பையா முன்னாடி கம்பால குத்திப் பார்த்து நடக்க, அவர் கால்தடத்திலேயே நாங்க கால் வச்சு ஏறினோம். 3,600 மீட்டருக்கு மேல காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருக்கிறதில் மூணில் ரெண்டு பங்குதான். பத்து அடிக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கினோம். துங்கநாதர் கோயில் வாசலுக்கு வந்தப்போ மணி ஒன்பது. கல் கோயில், பாதிக்கதவு வரைக்கும் பனி. கீழே விழுந்து கும்பிட்டேன். பாதி வேண்டுதல் முடிஞ்சது.

பையா வாட்ச்சைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கலை. மேலே நடந்தேன்.

ஒன்பதரை தாண்டிச்சு. பையா ஒரு தடவை சொன்னார். "இன்னும் கொஞ்ச தூரம்தான் பையா"ன்னேன். பத்து மணிக்குப் பனி இளகிடுச்சு. கால் முழங்கால் வரைக்கும் போக ஆரம்பிச்சது. பத்தேகாலுக்கு நண்பன் இடது கால் தொடை வரைக்கும் உள்ளே போய், அடியில் ரெண்டு பாறைக்கு நடுவில் மாட்டிக்கிச்சு. இழுத்தா வரலை. பையாவும் நானும் கையாலேயே பனியைத் தோண்டினோம். பத்து நிமிஷம் ஆச்சு. கால் வெளியே வந்தது, அடி இல்லை, ஆனா ஷூவுக்குள்ளே முழுக்க ஈரம். "விரல் தெரியலை மச்சி"ன்னான்.

நிமிர்ந்து பார்த்தா உச்சி தெரியுது. கொடிகள் தெரியுது. இருநூறு மீட்டர் நடை இருக்கும். என் சட்டைப்பையில் திருநீறுப் பொட்டலம்.

அப்போ நான் சொன்ன வார்த்தையை இன்னைக்கும் நினைச்சா வெட்கமா இருக்கு. "முருகன் பார்த்துக்குவான். நீ இங்கேயே உட்கார்ந்திரு, நானும் பையாவும் போயிட்டு வந்துடுறோம்."

நண்பன் ஒண்ணும் பேசலை. பையாவுக்கு நான் ஹிந்தியில் அதையே சொன்னேன். அவர் கோபப்படலை. கையில ஒட்டின பனியைத் தட்டிட்டு மெதுவா சொன்னார். "சாமி பார்த்துக்குவார், சரிதான். ஆனா நீங்க விழுந்தா உங்களைத் தூக்கிட்டு வரப்போறது நான். எனக்கு வீட்டில் ரெண்டு பொண்ணு. அவங்களையும் உங்க சாமிகிட்ட கேட்டீங்களா?"

திரும்பினோம். இறங்குறது ஏறினதைவிடக் கஷ்டமா இருந்தது. அடிக்கு அடி புதைஞ்சு, விழுந்து, எழுந்து, சோப்தா வந்து சேர மதியம் ரெண்டு மணி. நண்பன் கால்விரல்ல உணர்ச்சி சாயங்காலம்தான் வந்தது. எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. கதை இவ்வளவுதான்.

இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கு. நாங்க வந்து மூணு வாரத்தில் அப்பாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. அம்மா போன்ல ஒண்ணும் சொல்லலை. ஆனா பேச்சு நடுவுல ஒரு தடவை, "அந்த வேண்டுதல் பாக்கி இருக்குல்லப்பா"ன்னாங்க. அதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. அந்த இருநூறு மீட்டர்தான் கண்ணு முன்னாடி நிக்குது. நான் திரும்பினது தப்போ? நம்பிக்கை பத்தலையோ? அதான் இப்படியோ?

இப்போ கேள்விக்கு வர்றேன்.

"முருகன் பார்த்துக்குவான்" இந்த வாக்கியத்தை நாம எல்லாரும் சொல்றோம். என் போன் வால்பேப்பர்லயே "யாமிருக்க பயமேன்" இருக்கு. அதில் எனக்கு இப்பவும் முழு நம்பிக்கை. ஆனா யோசிச்சுப் பார்த்தா, இந்த ஒரு வாக்கியத்தை நாம ரெண்டு விதமா பயன்படுத்துறோம். ஒண்ணு, நான் பண்ண வேண்டியதை எல்லாம் பண்ணிட்டேன், இனி என் கையில் இல்லை, முருகா உன் பொறுப்புன்னு சொல்றது. அப்பாவை உள்ளே கொண்டுபோனப்போ வராண்டாவில் நான் சொன்னது இது. ரெண்டாவது, நான் பண்ண வேண்டியதைப் பண்ண மாட்டேன், யோசிக்க வேண்டியதை யோசிக்க மாட்டேன், அதைச் சாமி தலையில் போடுறேன்கிறது. பனியில் நின்னு நான் சொன்னது இது. வார்த்தை ஒண்ணுதான். முதலாவது சரணாகதி. ரெண்டாவது பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறது.

பயப்படாதேன்னு முருகன் சொல்றார். கவனிக்காதேன்னு சொல்லலை. பயம் வேற, கவனம் வேற. அன்னைக்கு எனக்குப் பயமே இல்லை. அதுதான் பிரச்சினையே. என் பயம் எல்லாத்தையும் பையா சுமந்துக்கிட்டிருந்தார்.

"சரி, அப்போ பக்தியில் ஆபத்தே கூடாதா? காவடி எடுக்கிறவன், அலகு குத்துறவன், கொப்புளம் கட்டின காலோட பழநிக்கு நடக்கிறவன் எல்லாம் தப்பா?"ன்னு நீங்க கேட்கலாம். நானே என்னைக் கேட்டேன். எலும்பையே கொடுத்த சாமியைக் கும்பிட்டுட்டு வந்தவன், ஈரமான சாக்ஸுக்குப் பயந்து திரும்பலாமா?

இதுக்கு எனக்குக் கிடைச்ச பதில்: யாருடைய எலும்புன்னு பாருங்க. கார்த்திக் சுவாமி கொடுத்தது தன் எலும்பை. காவடி எடுக்கிறவர் வருத்துறது தன் உடம்பை. நான் அன்னைக்குக் கொடுக்கப் பார்த்தது நண்பனுடைய கால்விரலை, பையாவுடைய உயிரை, அவர் பொண்ணுங்களுடைய அப்பாவை. என் அப்பா பிழைச்சதுக்கு நன்றி சொல்ல இன்னொரு வீட்டு அப்பாவைப் பணயம் வைக்கிறது எந்த ஊர் நேர்த்திக்கடன்? எனக்குத் தோணுற அளவுகோல் இதுதான். நம்ம நம்பிக்கை பொய்யாப் போனா, அதுக்கு விலை கொடுக்கப்போறது யார்? நாம மட்டும்னா, அது தியாகமா இருக்கலாம். இன்னொருத்தர்னா, அவர்கிட்ட கேட்காம எடுத்த கடன் அது.

ஆனா மலையில் "நான் மட்டும்"னு ஒண்ணு கிடையவே கிடையாது. நான் தனியா போய் விழுந்திருந்தாலும் தேடி வர நாலு பேர் அதே பனியில் இறங்கியிருக்கணும். வீட்டில் ஸ்டென்ட் வச்ச மனுஷன் போனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். அதைக்கூட நான் யோசிக்கலை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. அதையும் நேர்மையா சொல்லணும். "பத்திரமா இருக்கணும்"கிறதைச் சோம்பேறியும் சொல்லலாம், கோழையும் சொல்லலாம். பாதயாத்திரையில் ரெண்டாம் நாள் காலையில் எனக்கு எத்தனை நியாயமான காரணம் தோணியிருக்கு தெரியுமா? முட்டி வலிக்குது, பரீட்சை வருது, பஸ் போகுது. அப்போ எல்லாம் திரும்பியிருந்தா அது விவேகம் இல்லை. அப்போ எது விவேகம், எது கோழைத்தனம், எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அந்த நேரத்தில் தெரிஞ்சுக்க முடியாதுங்கிறதுதான் என் அனுபவம். மூச்சு வாங்குது, உச்சி தெரியுது, சட்டைப்பையில் திருநீறு. அந்த மூளையை நம்பக் கூடாது. அதனாலதான் முதல் நாள் ராத்திரி, வயிறு நிறைஞ்சு, மனசு அமைதியா இருக்கிறப்போ எடுத்த முடிவுக்கு மதிப்பு அதிகம். ஒன்பதரைன்னு சொன்னா ஒன்பதரை. கோழை இதைச் செய்ய மாட்டான், அவன் ஏழு மணிக்கே திரும்பியிருப்பான். ஒன்பதரை வரைக்கும் முழு பலத்தோட ஏறுறதும், ஒன்பதரைக்குத் திரும்புறதும் ஒரே வைராக்கியத்தின் ரெண்டு பக்கம்.

இதுக்கு உலகம் அறிஞ்ச ஒரு உதாரணம் இருக்கு. 1996ஆம் வருஷம் வசந்தகாலம், எவரெஸ்ட். கோரன் குரோப்னு ஒரு சுவீடன்காரர். முந்தின வருஷம் அக்டோபரில் தன் நாட்டில் இருந்து சைக்கிளில் கிளம்பி, சாமான் எல்லாத்தையும் தானே சுமந்து, எவரெஸ்ட் அடிவாரம் வந்தவர். ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாம ஏறினார். மே முதல் வாரத்தில் ஆழமான பனியில் போராடி, உச்சிக்குக் கிட்டத்தட்ட 100 மீட்டர் கீழே வரைக்கும் வந்துட்டார். நேரம் ஆயிடுச்சு, இனி ஏறினா உயிரோட இறங்க முடியாதுன்னு திரும்பிட்டார். யோசிச்சுப் பாருங்க, சுவீடனில் இருந்து சைக்கிள்!

அப்போ அதே மலையில் ராப் ஹால்னு நியூசிலாந்து வழிகாட்டி ஒரு குழுவை வச்சிருந்தார். குரோப் திரும்பினதைக் கேட்டு அவ்வளவு கிட்டப் போயும் திரும்புறது எவ்வளவு பெரிய விவேகம்னு பாராட்டினார். இதை அவர் குழுவில் இருந்த ஜான் கிராக்கவர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கார். சில நாள்தான் கழிஞ்சது. மே 10ஆம் தேதி ஹால் குழு உச்சிக்குப் போனது. மதியம் தாண்டினா திரும்பணும்கிற விதி அவங்களுக்கும் இருந்தது. ஆனா குழுவில் இருந்த டக் ஹான்சன்னு ஒருத்தரை, முந்தின வருஷம் உச்சிக்குக் கிட்ட வந்து ஹால்தான் திருப்பி அனுப்பியிருந்தார். இந்தத் தடவை அவருக்காகக் காத்திருந்தார். ஹான்சன் உச்சிக்கு வந்தப்போ சாயங்காலம் நாலு மணி வாக்கில். அப்புறம் புயல். ரெண்டு பேரும் திரும்பலை. அந்தப் புயலில் மொத்தம் எட்டுப் பேர் இறந்தாங்க.

ஹாலைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் செஞ்சதில் இரக்கம் இருந்திருக்கும். எது சரின்னு அவருக்கு நல்லாத் தெரியும், இன்னொருத்தரிடம் அதைப் பார்த்துப் பாராட்டவும் செஞ்சார். ஆனா தெரிஞ்சிருக்கிறதும், உச்சி கண்ணுக்குத் தெரியுறப்போ அதைச் செய்றதும் வேற வேற. இது எனக்குப் பயமா இருக்கு. ஏன்னா அன்னைக்கு நானும் செய்யலை. என்னைத் திருப்பினது என் விவேகம் இல்லை, பையாவோட கேள்வி.

குரோப் மே 23ஆம் தேதி மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார். ஆனா அவர் ஜெயிச்சதால திரும்பினது சரின்னு நான் சொல்ல வரலை. அவர் திரும்ப வரவே முடியாம போயிருந்தாலும் அன்னைக்குத் திரும்பினது சரிதான்.

கடைசியா, அந்த வேண்டுதல். அம்மா சொன்னாங்களே, பாக்கி இருக்குன்னு. கடன்னு சொன்னா பாக்கின்னு ஒண்ணு வரும்தான். ஆனா நான் அந்த மூணு வாரமும் முருகனை எப்படி நினைச்சுக்கிட்டிருந்தேன்னு ஒருநாள் உறைச்சது. லோன் ஆப் மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு தவணை தப்பினா வீட்டுக்கு ஆள் அனுப்புற கம்பெனி மாதிரி. மகன் இருநூறு மீட்டர் நடக்கலைன்னு அப்பா நெஞ்சில் கை வைக்கிறவனா நம்ம முருகன்? இப்படி நினைச்சுக்கிட்டு தினமும் விளக்கேத்தினேனே, அதுதான் பக்திக் குறைவு. பனியில் திரும்பினது இல்லை.

அதுக்காக வேண்டுதல்னா ஒண்ணுமில்லைன்னு சொல்லலை. வாக்குன்னா வாக்குதான். சொன்னதைச் செய்யணும். ஆனா அந்த வாக்கு எதுக்கு? நன்றிக்கு. நன்றி வழியிலேயே இருந்தது. கனக்சௌரி ஏத்தத்தில் இருந்தது, சாத்தின கதவு முன்னாடி இருந்தது. உச்சியில் மட்டும்தான் இருக்கும்னு நினைச்சது நான்தான்.

அந்தப் பழைய கதையை இப்போ வேற மாதிரி பார்க்கிறேன். நாம எப்பவும் அதில் பிள்ளையார் புத்தியைத்தான் பேசுவோம். ஆனா நாம கும்பிடுற தெய்வம் யார்? முழு உலகத்தையும் சுத்தி முடிச்சும் பழம் கிடைக்காதவர். சொன்ன தூரத்தை ஒரு அடி விடாம முடிச்சவருக்குக் கிடைக்கலை. முடிச்சா கிடைக்கும், முடிக்கலைன்னா கிடைக்காதுங்கிற கணக்கு அவர்கிட்டயே செல்லலை. அப்படிப்பட்டவர் நம்மகிட்ட மீட்டர் கணக்கு கேட்பாரா? கேட்க மாட்டார்னு நான் நம்புறேன். ரொம்ப ஓட்டின வண்டி தெரிஞ்சவருக்கு, பாதியில் நின்ன வண்டியின் வலியும் தெரியும்.

அப்பா அந்தத் தடவையும் நாலு நாளில் வீட்டுக்கு வந்தார். மாத்திரை அளவு மாத்தினாங்க, இப்போ நல்லா இருக்கார். முருகன் காப்பாத்தினாரா, மாத்திரையான்னு நான் பிரிச்சுப் பார்க்கலை. லீவு போட்டு ஊருக்குப் போனப்போ, எல்லாத்தையும் அப்பாகிட்ட சொன்னேன். நான் நண்பனை உட்கார வச்சுட்டுப் போறேன்னு சொன்னதையும் மறைக்கலை. அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார், "அந்தத் தம்பி கால் இப்போ எப்படி இருக்கு?"

நல்லா இருக்குப்பான்னேன்.

"அந்தத் திருநீறு எங்கே?"

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பனியில் நனைஞ்சு காஞ்சு கட்டியாயிருந்தது. அப்பா அதை விரலால் உடைச்சு நெத்தியில் பூசிக்கிட்டு, எனக்கும் பூசினார். "இமயமலை வரைக்கும் போயிட்டு வந்திருக்கு"ன்னார். மிச்சத்தைச் சாமி அறையில் வச்சுட்டார். அம்மா ஒண்ணும் சொல்லலை, விளக்கைத் தூண்டி விட்டாங்க.

அக்டோபரில் பனி இருக்காது, வானம் தெளிவா இருக்கும்னு பையா சொல்லியிருக்கார். அவருக்குப் போன் பண்ணினேன். முதல்ல மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சுட்டு, "ஒன்பதரைன்னா ஒன்பதரை. சம்மதமா?"ன்னார். சம்மதம்னேன். நண்பனும் வர்றேன்னு சொல்லியிருக்கான். அவன் என்னை மன்னிச்சுட்டானான்னு நான் இன்னும் நேரா கேட்கலை. கேட்கணும். உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய பாக்கி அதுதான்.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணே ஒண்ணு. வெள்ளியங்கிரியோ, சதுரகிரியோ, இமயமலையோ, எங்கே போனாலும் போங்க. நேர்ந்துக்கோங்க, நடங்க, ஏறுங்க. ஆனா "முருகன் பார்த்துக்குவான்"னு வாய் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பக்கத்தில் நிக்கிறவர் முகத்தைப் பாருங்க. முருகன் உங்களைப் பார்த்துக்கச் சொல்லி அனுப்பின ஆள் அவராகவே இருக்கலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!